ஒருமுறைதான் கேட்பாள்

அவளை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பாதி முகம். மீதிப் பாதியை முகக்கவசம் மூடியிருந்தது. ஆறு மாதம் தினமும் பேசிய பெண்ணுக்கு மூக்கு எப்படியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலையில் வீட்டு வாசலில் பால் பாக்கெட் போடுகிறவரைக்கூட இதைவிட நன்றாகத் தெரியும்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் அவள் ஒரு பச்சை வட்டம். அதற்குள் பெயரின் இரண்டு எழுத்து. கேமராவைப் போடவே மாட்டாள். அவளை நினைத்தால் எனக்கு அந்த வட்டம்தான் கண்ணில் வருகிறது, கூடவே அவள் குரலில் ஒரு "சரிங்க".

புனேயில், பஸ் கம்பெனிகளுக்கு டிக்கெட் பதிவு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்து முடித்ததில் தப்புக் கண்டுபிடிப்பது வேலை. என் கணவரைக் கேட்டால் அது எனக்குப் பிறவியிலேயே வந்தது என்பார். கொரோனா வந்து, ஔந்தில் இருந்த ஆபீஸை மூடி, எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் முடங்கிய இரண்டாம் வருஷம் அவள் சேர்ந்தாள். ஊர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். அடுத்த மாதம் ஆபீஸ் திறந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கோந்த்வாவில் ஓர் அறை எடுத்துவிட்டாள். நான் விஷ்ராந்த்வாடியில் இருக்கிறேன். ஒரே ஊர்தான். ஆனால் அவள் கோபியிலேயே இருந்திருந்தாலும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

ஆபீஸ் எப்போது திறக்கும் என்று மேனேஜரைக் கேட்டால் "பகூயா" என்பார். மராத்தியில் 'பார்க்கலாம்' என்று அர்த்தம். அந்த மனிதரிடம் லீவு கேட்டாலும் பகூயாதான், ஆள் பற்றவில்லை என்று அழுதாலும் பகூயாதான். புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக ஒரு பழைய ஆளைப் போடுவது எங்கள் வழக்கம். "உங்க ஊர்ப் பொண்ணு, தமிழ்லயே பேசிக்கலாம்" என்று சொல்லி அவளை என் தலையில் கட்டினார். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் புனே. கோபிச்செட்டிப்பாளையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன, பகூயா.

முதல் நாளே அவளுடைய குணம் என்ன என்று எனக்குக் காட்டிவிட்டாள். நான்தான் கவனிக்கவில்லை.

லேப்டாப் கூரியரில் போய்ச் சேர்ந்தது. முதல் நாள் அறிமுகக் கூட்டத்துக்குப் போனிலிருந்து வந்தாள். எங்கள் குழுவில் ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. புதியவர்கள் தங்களைப் பற்றி வேடிக்கையாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒருவன் தலைகீழாக நிற்பேன் என்பான், இன்னொருத்தி பதினெட்டு வடாபாவ் தின்றேன் என்பாள். ஆபீஸில் இதைக் கேட்டு எல்லோரும் சிரித்து மேசையைத் தட்டுவோம். இவள் தன் முறை வந்ததும், சின்ன வயதில் ஊருக்குள் வருகிற பஸ் நம்பரை எல்லாம் நோட்டில் எழுதி வைப்பேன், அப்பாவுக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று நான்தான் சொல்வேன் என்று ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். நான் சிரித்தேன். பத்துப் பேரும் சிரித்திருப்பார்கள். ஆனால் எல்லோருடைய மைக்கும் மூடியிருந்தது. அவளுக்குக் கேட்டது வெறும் அமைதி. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, "ஸாரி" என்று சொல்லித் தன் மைக்கையும் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளாக வாய் திறந்து எதையும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

நாலாம் நாள் அவளுக்கு ஒரு வேலை அனுப்பினேன். பதிலே இல்லை. போன் போட்டேன்.

"லேப்டாப் இன்னும் தொறக்கலீங்க மேடம். பாஸ்வேர்டு ஏத்துக்க மாட்டீங்குது."

"எப்பலேந்து?"

"வந்த நாள்ல இருந்துங்க."

"அரே! நாலு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"காத்துட்டிருந்தனுங்க. ஐ.டி. பிரிவுக்கு ஒரு கோரிக்கை அனுப்பிட்டுக் காத்திருக்கணும், போன் பண்ணித் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அந்த ஃபைல்ல போட்டிருந்துச்சுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டிருந்தால்? நாலு நாளா? நடுவில் ஒரு மெசேஜ் தட்டினால் கையா தேய்ந்துவிடும்? ஐ.டி. பிரிவில் இருக்கிற ஆளுக்கு நான் போன் போட்டேன், ஐந்து நிமிடத்தில் திறந்து கொடுத்தார். அவளிடம் சொன்னபோது, "ரொம்ப நன்றிங்க" என்றாள். கூடவே, "அந்த நாலு நாளும் ஃபைலப் போன்லயே மூணு தடவ படிச்சுட்டனுங்க. பதினாலாம் பக்கத்துல ஒரு லிங்க் வேல செய்யலீங்க" என்றாள்.

அந்த ஃபைல் நான் எழுதியது. புதியவர்களுக்கான கையேடு, ஆங்கிலத்தில் இருபத்திரண்டு பக்கம். ஆபீஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நிமிடத்துக்கு ஒருவர் என் மேசைக்கு வந்து முதுகைத் தட்டி சந்தேகம் கேட்டுக் கேட்டு மண்டை காய்ந்துபோன ஒரு வாரத்தில் உட்கார்ந்து எழுதினேன். அதில் கடுப்பு கொஞ்சம் கூடவே இறங்கியிருக்கும். யாரும் அதை முழுசாகப் படித்ததில்லை. மேனேஜரே படித்ததில்லை. பதினாலாம் பக்கம் என்று ஒன்று இருப்பதை எனக்கு ஞாபகப்படுத்திய முதல் ஆள் அவள்தான். அந்த லிங்க்கைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்யவில்லை.

'மேடம்' வேண்டாம், எங்கள் ஆபீஸில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம் என்று ஒரு நாள் சொன்னேன். "சரிங்க" என்றாள். அன்றோடு மேடம் நின்றது. பெயரும் வரவில்லை. அதன் பிறகு நான் அவளுக்கு வெறும் "ங்க" தான். ஆறு மாதம் ஒருவரைக் கூப்பிடாமலே பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால் தெரியும்.

இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ, துணை ஆள் என்ற கடமைக்காக அவளைக் கூப்பிட்டேன். அடுத்த அறையில் என் பையனின் ஆன்லைன் வகுப்பு. டீச்சர் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராக இருந்தது.

"எதாவது டவுட் இருக்கா? எல்லாம் புரியுதா?"

"இருக்குதுங்க. குரூப்ல போட்டிருக்கறனுங்க."

"நல்லது. யாராவது பாத்துச் சொல்லுவாங்க."

"சரிங்க."

இவ்வளவுதான். எந்தக் குரூப், என்ன கேள்வி, யாராவது பதில் சொன்னார்களா, ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு வேலைக்கென்று ஒரு குரூப் இருந்தது. அதில் நான் பார்த்தவரை அவளுடைய கேள்வி எதுவும் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் யாராவது பதில் சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். குக்கரை இறக்கப் போனேன்.

ரூம் எப்படி என்று மட்டும் இன்னொரு நாள் கேட்டேன். ஜன்னல் இல்லாத அறை என்றாள். பகலிலும் பல்பு போட வேண்டும். அதனால்தான் கேமரா போடுவதில்லை, மூஞ்சி மஞ்சளாகத் தெரிகிறது என்றாள். ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரம் ஆகிவிட்டால் ஜன்னல் உள்ள அறைக்குப் போய்விடுவாளாம்.

"ஆகலைன்னா ஊருக்கு வந்துரோணும்னு அப்பா சொல்லித்தான் அனுப்புனாருங்க. ஆயிருமுங்களா?"

"ஒழுங்கா வேல பாத்தா ஏன் ஆகாது?" என்றேன்.

"சரிங்க" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அவள் அப்படித்தான், ஒருமுறைதான் கேட்பாள். பதில் வந்தால் எடுத்துக்கொள்வாள், வராவிட்டால் காத்திருப்பாள். இரண்டாம் தடவை கேட்பது அவளுக்கு ஏதோ அடுத்த வீட்டுக் கதவை உடைப்பது மாதிரி. எனக்கோ மூன்று தடவை கேட்டால்தான் காதில் ஏறும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அவளுக்குத் தெரிய வழியில்லை.

ஒரு காலையில் தினக் கூட்டத்துக்குத் தவறுதலாகப் பத்து நிமிடம் முன்னாலேயே போய்விட்டேன். அவளுடைய பச்சை வட்டம் ஏற்கெனவே அங்கே இருந்தது. மைக் திறந்திருந்தது. பின்னால் தெருவில் பங்கார்வாலா பழைய சாமான் கேட்டுக் கூவிக்கொண்டு போனான். அவள் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள். "குட் மார்னிங். யெஸ்டர்டே ஐ டெஸ்டட் தி சீட் பேஜ்." நிறுத்துவாள். மறுபடியும் முதலிலிருந்து. "குட் மார்னிங் எவ்ரிஒன்." 'எவ்ரிஒன்' சேர்க்கலாமா வேண்டாமா என்று இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் வெளியே போய், சரியான நேரத்துக்குத் திரும்பி வந்தேன். அன்று கூட்டத்தில் மேனேஜர் ஏழு பேரைக் கேட்டுவிட்டு, "நேரம் ஆயிடுச்சு, மத்தவங்க எழுதி அனுப்பிடுங்க" என்று முடித்துவிட்டார். அவள் எட்டாவது. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, "ஒரு நிமிஷம், அந்தப் பொண்ணையும் கேளுங்க" என்று. மைக்கைத் திறப்பதற்குள் கூட்டம் கலைந்து எல்லா வட்டமும் மறைந்துவிட்டது. ஆபீஸாக இருந்தால் கதவு வரைக்குமாவது கூட நடந்திருக்கலாம். இந்தக் கூட்டத்தில் கதவும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

வேலையில் அவள் மோசமா என்றால், இல்லை. பெண்களுக்கென்று ஒதுக்கிய சீட்டை இரண்டு பேர் ஒரே சமயத்தில் தொட்டால் இருவருக்கும் அதே சீட்டைக் கொடுத்துவிடும் ஒரு கோளாறு எங்கள் மென்பொருளில் ரொம்ப நாளாக இருந்தது. எப்போது வரும், ஏன் வரும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவள் பிடித்தாள். அதைப் பதினேழு படிகளாக எழுதியிருந்தாள். நாலாவது படி: 'நாற்பது விநாடி காத்திருக்கவும்.' அந்த நாற்பது விநாடி காத்திருக்கிற பொறுமை எங்கள் யாருக்கும் இல்லாததால்தான் கோளாறு இத்தனை நாள் தப்பித்திருந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள், "டெஸ்டிங்கா, நாவலா?" என்று கிண்டல் செய்தார்கள். நான் அவளிடம், "இவ்ளோ நீளமா எழுதாதே, நாலு வரி போதும்" என்றேன். நன்றாகக் கண்டுபிடித்தாய் என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு நாள், அவளுக்கு எழுதிய மெசேஜ்களில் தேடிப் பார்த்தபோது கிடைக்கவில்லை. மனதுக்குள் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

ஆறாம் மாதம் படிவம் வந்தது. அவளை நிரந்தரம் ஆக்கலாமா என்று துணை ஆள் நிரப்ப வேண்டிய படிவம். வேலைத் தரம், நேரம் தவறாமை எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நாலு போட்டேன். கீழே இரண்டு வரி இருந்தது. 'தானாக முன்வந்து கேள்வி கேட்கிறாரா?' 'குழுவோடு கலந்து பழகுகிறாரா?' அன்று காலையில்தான் அவளோடு அரை மணி நேரம் பேசி, சுவரோடு பேசிய மாதிரி, இருபது "சரிங்க" வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். ஒரு கேள்வி கிடையாது, ஒரு மாற்றுக் கருத்து கிடையாது. எரிச்சலோடு இரண்டுக்கும் ஒன்று ஒன்று போட்டேன். குறிப்பு எழுத இடம் இருந்தது. 'ஆறு மாதத்தில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை' என்று எழுதினேன். பொய்யில்லை என்றுதான் நம்பினேன்.

மேனேஜர் போன் செய்தார். "நீயே இப்படி எழுதியிருக்கியே. நாளைக்கு ஏதாவது தெரியலைன்னாலும் வாயத் திறக்காம உக்காந்திருந்தா?"

"வேலை நல்லா செய்யுறா. இன்னும் மூணு மாசம் குடுத்துப் பார்க்கலாமே" என்றேன்.

"பகூயா" என்றார். இரண்டு நாளில் அவளுக்கு வேலை நிரந்தரம் இல்லை என்று மெயில் போய்விட்டது. பகூயா என்று சொன்னதை அவர் அவ்வளவு சீக்கிரம் பார்த்து முடித்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் சண்டை போடுவாள், அழுவாள், குறைந்தபட்சம் ஏன் என்றாவது கேட்பாள் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். "இத்தன நாள் சொல்லிக் குடுத்ததுக்கு நன்றிங்க" என்று ஒரு மெசேஜ் வந்தது. கோபம் வந்தது எனக்கு. யார் மேல் என்று தெரியாத கோபம்.

லேப்டாப்பைத் திருப்பி வாங்க ஔந்து ஆபீஸுக்கு நான் போனேன். பூட்டிய கட்டிடத்தின் வாசலில் செக்யூரிட்டி ஒருவர் மட்டும் இருந்தார். கோந்த்வாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நான் நினைத்ததைவிட உயரம். நீல முகக்கவசம், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை. லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி, சார்ஜர் வயரை நூல் போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் ஆட்கள் திருப்பிக் கொடுக்கும்போது பாதி பேருக்கு சார்ஜரே இருக்காது.

கையெழுத்து வாங்கிக்கொண்டதும், "ஒரு நிமிசம் உள்ள பாத்துட்டு வரட்டுங்களா? ஆபீஸ நான் பாத்ததே இல்லீங்க" என்றாள்.

செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்டார். அதை அவள் ஒரு நிமிடம் முன்னால்தான் என்னிடம் கொடுத்திருந்தாள். அது என் கையிலேயே இருந்தது. "சோடா நா, பாவு", விடுங்கண்ணே என்று அவரிடம் மராத்தியில் ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் விட்டிருப்பார். சொல்லத் தோன்றவில்லை. அவள் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போய், இரண்டு கையையும் கண்ணோரம் குவித்து உள்ளே பார்த்தாள். உள்ளே காலி வரவேற்பு மேசையும் வாடிய ஒரு பூந்தொட்டியும்தான் இருந்தன.

"உங்க சீட்டு எங்கீங்க?"

மூன்றாவது மாடியைக் காட்டினேன்.

"ஜன்னல் பக்கமுங்களா?"

"ஆமா."

"நல்லதுங்க" என்றாள். பிறகு, "குரூப்ல மூணு கேள்விக்கு மட்டும் பதில் கெடைக்கலீங்க. பாக்கி எல்லாம் எழுதி வச்சிருக்கறனுங்க" என்றாள்.

எந்தக் குரூப் என்று கேட்க வாயெடுத்தேன். என் டாக்ஸிக்காரன் தெருவில் வண்டியை மறித்து நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தான். "சரிம்மா, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இடத்துக்கு நாக்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். இவளுக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. மறுபடியும் துணை ஆள் நான்தான். இந்தத் தடவை உஷாராக இருந்தேன். தினம் போன் செய்து, டவுட் இருக்கா, டவுட் இருக்கா என்று துளைத்தேன். இல்லை என்றாள். வேலையோ சுத்தமாக வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் ஆனதும் எனக்குச் சந்தேகமாகிவிட்டது. "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"சந்தேகக் குரூப்பில்தான் எல்லாம் இருக்கே. ஓர் அக்கா கேள்வியும் போட்டு, பதிலும் எழுதி வைத்திருக்கிறார்களே. அவர்கள் இப்போது எந்த டீமில் இருக்கிறார்கள்?"

எந்தச் சந்தேகக் குரூப் என்று கேட்டேன். உங்கள் கையேட்டில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்றாள்.

ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். நான் எழுதியதுதான். 'சந்தேகம் எதுவானாலும் இந்தக் குரூப்பில் மட்டும், ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருக்கவும். ஆட்களைத் தனித்தனியாகத் தொந்தரவு செய்ய வேண்டாம்.' ஆபீஸ் மூடிய பிறகு நாங்கள் பழைய ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொண்டோம். அந்தக் குரூப்பை எல்லோரும் மியூட்டில் போட்டுத் திரைக்கு அடியில் தள்ளிவிட்டோம். கலைக்கவில்லை. மேனேஜரையும் சேர்த்து பதினோரு பெயரும் அப்படியே இருந்தன. முதல் பெயர் என்னுடையது.

ஆறு மாதக் கேள்விகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் சில நாள் இடைவெளி, பிறகு அவளே கண்டுபிடித்து எழுதிய பதில், 'பின்னால் வருபவர்களுக்கு உதவும்' என்று ஒரு வரி. பாஸ்வேர்டு கேள்வி இருந்தது. சீட் கோளாறு இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போவார்களா என்று கேட்டிருந்தாள். 'தெரியவில்லை. ஒன்றரை மணிக்கு யாரும் மெசேஜ் அனுப்புவதில்லை, அதனால் அப்போது சாப்பிடலாம்' என்று பதில். கூட்டத்தில் நாமாகப் பேசலாமா என்று ஒரு கேள்வி. பதினோரு நாள் கழித்து, 'கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.'

பதில் இல்லாதவை மூன்று. 'மேனேஜர் என் பெயரை மாற்றிச் சொல்கிறார். திருத்துவது தவறா?' 'ஆபீஸில் எனக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா, எந்த மாடி?' மூன்றாவது, ஐந்தாம் மாதத்தில் போட்டது: 'என் வேலை சரியாக இருக்கிறதா? இதை யாரிடம் கேட்க வேண்டும்?'

நான் என் வாயில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், பையன் எட்டிப் பார்த்தான். ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லையாம். எழுதினேனே, என் கையால்.

மேனேஜரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, அவளைத் திருப்பி எடுங்கள் என்று கத்தினேன். அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்றே என்றார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார். போனை வைத்துவிட்டு அவளுடைய நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் யாரோ துண்டு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் ஜவுளிக்கடையில் இருக்கிறாளாம்.

"அந்தக் குரூப்ப இன்னிக்குத்தான்மா பாத்தேன். யாருமே பாக்கல. எல்லாரும் மியூட்ல போட்டு வச்சிருந்தோம். பாத்துட்டுச் சும்மா இருக்கல, சத்தியமா."

துண்டு கேட்டவருக்கு விலை சொல்லிவிட்டு வந்தாள்.

"அப்படீங்களா" என்றாள். "பதினோரு பேரு பாக்கறாங்க, இதெல்லாம் ஒரு கேள்வியான்னு உட்டுட்டாங்கன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

"ஏம்மா, எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?"

"தொந்தரவு பண்ண வேண்டாம்னு போட்டிருந்துச்சுங்களே."

"உன் வேல சரியாத்தான் இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்த மூணாவது கேள்விக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"எங்கிட்டத் தனியாச் சொல்லாதீங்க" என்றாள். "குரூப்ல போட்டுருங்க. பின்னால வர்றவங்களுக்கு ஆகும்."

கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அந்தக் குரலில் எனக்குத் தெரிந்தது "சரிங்க" ஒன்றுதான். துண்டு கேட்டவர் மறுபடியும் கூப்பிட்டார். "வச்சிரட்டுங்களா" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு வைத்தாள்.

லேப்டாப்பைத் திறந்து அந்த மூன்றாவது கேள்விக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். 'உன் வேலை சரியாக இருந்தது. என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.' இரண்டாவது வாக்கியத்தைப் படித்துப் பார்த்து அழித்தேன். கேட்டிருக்கிறாளே. 'நான்தான் பார்க்கவில்லை' என்று மாற்றி அனுப்பினேன். அவளுடைய வட்டம் பச்சை போய்ச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கணக்கை மூடிவிட்டார்கள், எழுதியது அவளுக்குப் போய்ச் சேராது.

பத்து நிமிடம் கழித்து அதற்குக் கீழே நாக்பூர்ப் பெண் எழுதியிருந்தாள்: 'இது எனக்கா?'

ஒரு மாதமாக இவளை டவுட் டவுட் என்று துளைத்திருக்கிறேன். உன் வேலை நன்றாக இருக்கிறது என்று இவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பதில் எழுத விரலை வைத்தவள், எடுத்துவிட்டு, இவளுக்குப் போன் போட்டேன்.